காற்று வந்து சேர இரண்டு நிமிஷம்

வந்துவிட்டது, டீயை வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நிற்கிறது, திரையில் மூன்று கோடுகளும் ஒரே மூச்சில் விரிந்து இப்போது அடங்கிக்கொண்டிருக்கின்றன, பெரிதாக ஒன்றுமில்லை, செண்பகவல்லி, டீயைக் குடி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், இந்த மலையில் லாரி ஏறினாலும் கோடு துள்ளும், காட்டுமாடு வந்து வேலியில் முதுகு தேய்த்தாலும் துள்ளும், இந்த நில அதிர்வு நிலையத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்து துள்ளல்களைப் பார்த்துப் பார்த்து, ஆள் நடந்து வருவதைக்கூட நான் காதால் கேட்பதை விட்டுவிட்டேன், திரையில்தான் பார்க்கிறேன். ஆனால் இது லாரி இல்லை. முதலில் மெலிதாக ஒரு நடுக்கம், அதன் பின்னால் அகலமாகப் புரண்டு வந்த அலை, நடுக்கத்தைவிட அலை பெரிது, அதுதான் சரியில்லை. ஆழத்தில் பாறை முறிந்தால் நடுக்கம்தான் ஓங்கி அடிக்கும். அலை இப்படிப் பெருத்திருந்தால் நடந்தது ஆழத்தில் இல்லை, தரையின் தோலில் நடந்திருக்கிறது, இல்லையென்றால் தோலுக்கும் மேலே, காற்றில். பாலைக் காய்ச்சி வைத்து ஏடு படிந்த பிறகு மேலே ஊதினால் ஏடு நெளிந்து நெளிந்து பாத்திரத்தின் ஓரம்வரை போகுமே, அவ்வளவுதான், இதைச் சொல்ல எம்.எஸ்ஸி. படித்திருக்க வேண்டியதில்லை, காற்று தரையை அறையும், தரை நெளியும், நெளிவு ஊர் ஊராகப் போகும். திசை? கிழக்கு, கொஞ்சம் தெற்கே சாய்ந்து. தூரம்? சுமாராக நாற்பது கிலோமீட்டர். கிழக்கே நாற்பது கிலோமீட்டரில் என்ன இருக்கிறது என்று எனக்கு யாரும் வரைபடம் விரித்துக் காட்ட வேண்டாம். பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. குவாரிகளும் இருக்கின்றன, ஆமாம், கல்குவாரிகளும்தான் இருக்கின்றன, அதை ஏன் மறக்க வேண்டும். அந்த ஆலைகளில் ஒன்றில், வேப்பமரத்தை ஒட்டிய கடைசி அறையில், என் தங்கச்சி முனீஸ்வரி உட்கார்ந்து மருந்து அடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னம்மா, குவாரிதானே?" என்கிறார் கிறிஸ்துதாஸ் சார், இந்த நிலையத்துக்குப் பொறுப்பானவர், பக்கத்து மேஜையில் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே. "பாத்துச் சொல்றேன் சார்" என்கிறேன், என் குரல் எனக்கே நன்றாக இருக்கிறது, ஆபீஸ் குரல். "இந்த நேரத்துக்கு வேற என்ன? சாப்பிட்டு வந்து வெடி வைப்பான்." சரிதான் சார், குவாரிக்காரன் சாப்பிட்டுவிட்டு வந்து, சிவப்புக் கொடி நட்டு, சங்கு ஊதி, வெடி வைப்பான், வைக்கட்டும், அவன் குழி போட்டு ஆழத்தில் வைக்கிற வெடியைப் பாறை வாங்கிக்கொள்ளும், காற்றுக்கு மிச்சம் அதிகம் இருக்காது. தரைக்கு மேலே வெடித்தால்தான் காற்றும் கிளம்பி வரும். தரை வழியாக வருவது அவசரக்காரி, கால் நிமிஷத்துக்குள் ஓடி வந்து சொல்லிவிட்டாள். காற்று வழியாக வருவது பின்னால் நடந்து வரும், நாற்பது கிலோமீட்டரைக் கடக்க இரண்டு நிமிஷம். வரும்போது காதுக்குக் கேட்காத அளவுக்குத் தேய்ந்திருக்கும், ஆனாலும் இந்த மலையின் தரையை ஒருமுறை அமுக்கிவிட்டுத்தான் போகும், கோடு இன்னொருமுறை துள்ளும். துள்ளினால் அங்கே வெடித்தது தரைக்கு மேலே, ஆலையில். துள்ளாவிட்டால் குவாரி. ஆக எனக்குத் தெரிய இரண்டு நிமிஷம், உலகத்தில் வேறு எந்த அக்காவுக்கும் இப்படி இரண்டு நிமிஷம் முன்கூட்டிக் கொடுத்து உட்காரவைத்திருக்க மாட்டார்கள். போனை மேஜைக்குக் கீழே வைத்து அவள் நம்பரைப் போடுகிறேன். ரிங் போகிறது. ரிங் போனால் என்ன அர்த்தம்? ஒன்றும் அர்த்தமில்லை. ஆலைக்குள் போன் கொண்டுபோக விட மாட்டார்கள், கேட்டில் வாட்ச்மேன் அறைக்கு வெளியே ஒரு மரப்பெட்டி, அதில் எல்லோருடைய போனையும் வரிசையாகக் கிடத்திவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், தீப்பெட்டியைச் சோதிப்பதுபோல் போனையும் சோதிப்பார்கள். ஆகவே ரிங் போகிறதென்றால் கேட் இருக்கிறது, பெட்டி இருக்கிறது, பெட்டிக்குள் போன் நலமாக இருக்கிறது. அவளைப் பற்றி அந்த ரிங் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

பூகம்பமாக இருக்கட்டும். கடவுளே, அம்மா, யார் கேட்கிறீர்களோ அவர்கள் கேளுங்கள், சின்னதாக ஒரு பூகம்பம், தரைக்கு அருகிலேயே நடந்ததால் அலை பெருத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம், நடப்பதுதானே. என்ன கேட்கிறேன் நான்? அந்தப் பக்கத்தில் எத்தனை ஓட்டு வீடு, எத்தனை தொட்டில், பெரியாஸ்பத்திரியின் பழைய கட்டடம், இத்தனை பேர் தலைமேல் கூரையை ஆட்டிவிடச் சொல்லிக் கும்பிடுகிறேன், வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்டதைத் திரும்ப வாங்கவில்லை. அது முடியாதென்றால் குவாரி. அதுவும் இல்லையென்றால் வேறு ஆலை, அந்தப் பக்கம் ஆலைக்கா பஞ்சம், தீபாவளிக்கு எல்லா ஆலையும் ஓடுகிறது, ஏதாவது ஒன்று, எனக்குத் தெரியாத பெயருள்ள ஒன்று. பார்த்தாயா, எவ்வளவு சுலபமாக இறங்கி வருகிறேன். அவளுடைய ஆலையேதான் என்றால் வேறு அறை, அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட்டுத்தானே கட்டியிருக்கிறார்கள், ஒன்று போனாலும் அடுத்தது நிற்கட்டும் என்றுதானே. அவளுடைய அறையேதான் என்றால். அவளுடைய அறையேதான் என்றால் அந்த நேரத்துக்கு அவள் வெளியே போயிருக்கட்டும், ஒன்றுக்குப் போயிருக்கட்டும், தண்ணீர் குடிக்கப் போயிருக்கட்டும், அவள் எப்போதும் தண்ணீர் குடிக்கிறவள், வெயில் ஆகாது அவளுக்கு. அப்படியானால் அறையில் மற்ற மூன்று பேர்? ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக்கூடாது என்பது சட்டம், முனீசைக் கழித்தால் மூன்று பேர், அந்த மூவரையும் நான் பார்த்ததில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் வாயால் கேட்டுக் கேட்டு என் வீட்டு ஆட்களாகிவிட்டார்கள். கனகு, புருஷனைத் திட்டிக்கொண்டே திரி செருகுகிறவள். பாப்பாத்தி, கல்யாணம் பேசி வைத்திருக்கிறார்கள். லூர்து, எல்லோருக்கும் மூத்தவள், சோற்றில் பாதியை அடுத்தவர் தட்டில் தள்ளிவிடுகிறவள். "லூர்தக்காவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதுக்கா, போனு வந்தா யாருன்னு தெரியாம முழிக்கும், அதான் அது மகன் போட்டோவ வச்சிக் குடுத்தேன், இப்ப அவன் கூப்பிட்டா மூஞ்சி வந்து நிக்கும், அதப் பாத்துட்டு எடுக்காமலே சிரிச்சிக்கிட்டு நிக்குதுக்கா" என்று போன வாரம்தான் சொன்னாள். அந்த லூர்தை வைத்துக்கொண்டா நான் பேரம் பேசுகிறேன்? ஆமாம், பேசுகிறேன்.

ரிங் போய்ப் போய் நின்றுவிட்டது. மறுபடி போடுகிறேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும், கோடு தட்டையாக இருக்கிறது, வெளியே ஆடிக்காற்று கிழக்கே பார்த்து ஓடிக்கொண்டிருக்கிறது, ஜன்னல் கொக்கி டக் டக் என்று அடிக்கிறது, அதை யாராவது மாட்டித் தொலைக்கக் கூடாதா. அந்த டக் டக்கைக் கேட்டு இது ஞாபகம் வரவேண்டாம், ஆனால் வருகிறது, பள்ளிக்கூடம், எட்டாம் வகுப்பு, நான் எட்டு, முனீசு ஆறு, மத்தியானம் சத்துணவுத் தட்டுகளைக் கழுவி ஜன்னலோரம் அடுக்கியிருந்தார்கள், தட்டுகள் தானாகக் கிணுகிணுத்தன. சத்தம் எதுவும் இல்லை. தட்டுகள் மட்டும். வரலாறு டீச்சர் தட்டுகளை ஏறிட்டுப் பார்த்தார், நாங்களும் பார்த்தோம், பிறகுதான் தூரத்தில் தொம் என்று ஒரு சத்தம், போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல். ஆலைக்கு அம்மாவை அனுப்பிய பிள்ளைகள் மட்டும் எழுந்து நின்றார்கள், ஒருத்தர் இரண்டு பேர் இல்லை, பாதி வகுப்பு, டீச்சர் உட்காரச் சொல்லவில்லை, எழுந்தவர்கள் எங்கேயும் போகவும் இல்லை, அப்படியே நின்றார்கள். நானும் நின்றேன். சுவரின் அந்தப் பக்கம் ஆறாம் வகுப்பில் முனீசும் நின்றிருக்கிறாள், சாயங்காலம் கேட்டால் சொன்னாள். அன்றைக்கு எங்கள் அம்மா வந்துவிட்டாள். தலையெல்லாம் அலுமினியப் பொடி மினுங்க பஸ்ஸிலிருந்து இறங்கி, வழக்கம்போல் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தாள், நாங்கள் கட்டிக்கொண்டதும் "என்னங்கடி, காயை நசுக்காதீங்க" என்றாள். தட்டு ஏன் முதலில் ஆடியது, சத்தம் ஏன் பிறகு வந்தது என்று நான் அதற்குப் பிறகு கேட்டுக்கொண்டே இருந்தேன், கேட்டுக் கேட்டுத்தான் இந்த நாற்காலிவரைக்கும் வந்தேன், நேர்முகத் தேர்வில்கூட அந்தத் தட்டுகளைத்தான் சொன்னேன், தேர்வுக்குழுவில் ஒருவர் சிரித்தார். முனீசு கேட்கவில்லை. அவள் அம்மா உட்கார்ந்த பலகையிலேயே போய் உட்கார்ந்துகொண்டாள். விட்டுவிடு, வேறு வேலை பார், நான் வாங்கித் தருகிறேன் என்று எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன், "எங்க வெடிச்சாலும் உக்காந்து கணக்குப் பாக்கது உன் வேல, வெடிக்காமப் பாத்துக்கிடுதது என் வேல, ரெண்டுல எதுக்கா பெருசு?" என்று வாயை அடைத்துவிடுவாள். என் வீட்டுக்கு வந்தால்கூட உள்ளே நுழையுமுன் கேட்டுக் கம்பியை ஒருதடவை தொட்டுவிட்டுத்தான் வருவாள். மருந்து அறை வாசலில் செப்புத் தகடு பதித்திருக்கிறார்களாம், உடம்பில் உள்ள மின்சாரமெல்லாம் அதில் இறங்கிய பிறகுதான் உள்ளே கால் வைக்க வேண்டும். எத்தனை வருஷப் பழக்கம். என் கேட்டில் அவள் கை படுகிற இடத்தில் பெயின்ட் போய்விட்டது, மறுபடி அடிக்க எனக்கு மனசில்லை.

இரண்டு நிமிஷம். திரையின் மூலையில் கடிகாரம் ஓடுகிறது, நான் குறித்து வைத்த இடத்தைத் தாண்டுகிறது, தாண்டிவிட்டது, கோடு தட்டை. இன்னும் கொஞ்சம். தட்டை. ஒரு துள்ளலும் இல்லை, ஒரு சின்ன மூச்சும் இல்லை, காற்று வரவில்லை, ஆகவே காற்றில் வெடிக்கவில்லை, பாறையில் வெடித்திருக்கிறது, கொடி நட்டு, சங்கு ஊதி, ஆளையெல்லாம் தள்ளி நிறுத்தி. "குவாரிதான் சார்" என்கிறேன், சத்தமாகவே வருகிறது, சிரிப்பும் கூடவே வந்துவிட்டது. "அதான் சொன்னேனே" என்கிறார் சார், பழத்தோலைக் கூடையில் போடுகிறார், இவ்வளவு நேரமும் அவர் அந்தப் பழத்தைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்திருக்கிறார் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது, முனீசு எங்கே வேலை பார்க்கிறாள் என்று இவருக்குத் தெரியும், ஒருதடவை சொல்லியிருக்கிறேன், அதனால்தான் முதல் வார்த்தையே குவாரி என்று எடுத்துக் கொடுத்தார், நல்ல மனுஷர். குறிப்புக் கட்டத்தில் குவாரி என்று அடிக்கிறேன். ஆறிய டீயை ஒரே மடக்கில் குடிக்கிறேன், ஏடு உதட்டில் ஒட்டுகிறது, துடைத்துக்கொள்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தால் இதைச் சொல்லிச் சிரிக்க வேண்டும், உன்னால் ஒரு டீ ஆறிப்போச்சுடி என்று. ஜன்னல் கொக்கி டக் என்று அடிக்கிறது. எழுந்து போய் மாட்டுகிறேன். காற்று என் முகத்தில் அடிக்கவில்லை, இது கிழக்கு ஜன்னல், காற்று எனக்குப் பின்னாலிருந்து, மலையிலிருந்து இறங்கி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு கிழக்கே ஓடுகிறது, கீழே புளியமரங்கள் எல்லாம் அந்தப் பக்கமே சாய்ந்து நிற்கின்றன. ஆடிக்காற்று. மேற்கிலிருந்து கிழக்கே. கிழக்கிலிருந்து புறப்பட்டு வருகிற வெடியின் அலை இதை எதிர்த்துத்தானே வர வேண்டும். காற்றில்லாத கணக்கைப் போட்டுவிட்டேன். பாடப்புத்தகத்துக் கணக்கு. இந்த ஊரில் பிறந்து, ஆடியில் பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள், எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவள், இந்தக் காற்றைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன், மறந்தேனா, வேண்டாம் என்று விட்டேனா. எதிர்க்காற்றில் நேராகக்கூட வராது, மேலே ஏறி வளைந்து சுற்றிக்கொண்டு வரும், பிந்தும், கொஞ்சம்தான் பிந்தும். திரும்பிப் பார்க்க வேண்டாம், இந்தக் கொக்கியையே பிடித்துக்கொண்டு நிற்கலாம், மாலைவரை நிற்கலாம். திரும்பிப் பார்க்கிறேன். நடுக்கோடு எழும்புகிறது. சின்னதாக, ஒழுங்காக, ஒரே சீராக நாலைந்து நெளிவு, குழந்தை மூச்சு விடுகிற மாதிரி, யாருக்கும் கேட்டிருக்காது, கிறிஸ்துதாஸ் சாருக்குக் கேட்கவில்லை, ஆனால் அவரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுந்து வந்து என் மேஜையில் குனிந்து, நான் அடித்த குவாரியை ஒவ்வொரு எழுத்தாக அழிக்கிறார். "உக்காரும்மா" என்கிறார். நான் உட்காரவில்லை.

போன் காதில் இருக்கிறது, எப்போது மறுபடி போட்டேன் என்று தெரியவில்லை, ரிங் போகிறது, போகட்டும், போகிறவரை கேட் இருக்கிறது, பெட்டி இருக்கிறது, அந்தப் பக்கத்து ஊர்களில் இந்நேரம் தட்டுகள் ஆடி, ஜன்னல் ஆடி, எல்லோரும் போனைக் கையில் எடுத்திருப்பார்கள், அத்தனை ரிங்கும் அந்த ஒரு பெட்டிக்குள்தான் போய் விழும். டக் என்று ரிங் நிற்கிறது. யாரோ எடுத்திருக்கிறார்கள். மூச்சு கேட்கிறது. மூச்சுக்குப் பின்னால் ஒரு பக்திப் பாட்டு, ஒரு நாதஸ்வரம், ஒரு குழந்தை சிரிப்பு, ஏதேதோ மணி, எல்லாம் ஒரே சமயத்தில். "அக்கா." அவள்தான். அவளேதான். மேஜையைப் பிடித்துக்கொள்கிறேன். "சொல்லு முனீசு." "தண்ணி குடிக்க வந்தேன்க்கா. கேட்டுகிட்ட உள்ள பானையில தண்ணி மோந்துக்கிட்டு இருந்தேன், செம்பு கையிலயே இருக்குக்கா." "சரி. சரிம்மா. உனக்கு ஒண்ணும் இல்லயே?" "எனக்கு ஒண்ணும் இல்ல. எங்க ரூம்புதான்க்கா." கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது எனக்கு. வேறு ஆலை கேட்டேன், அது இல்லை, வேறு அறை கேட்டேன், அது இல்லை, கடைசியாக என்ன கேட்டேனோ அதை அப்படியே அளந்து கையில் கொடுத்துவிட்டார்கள், தண்ணீர்ச் செம்போடு. சந்தோஷமாக இருக்கிறது. ஐயோ, எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. "எல்லாப் போனும் அடிக்குதுக்கா" என்கிறாள், அழவில்லை, சின்ன வயதில் கணக்கு வராவிட்டால் கேட்பாளே, அந்தக் குரல். "பெட்டி பூரா அடிக்குது. வாட்ச்மேன் அண்ணன் உள்ள ஓடிருச்சி. இங்க நான் மட்டுந்தான் நிக்கேன். எதைக்கா எடுக்க?" போனைக் காதோடு அழுத்திக்கொள்கிறேன். "லூர்தக்கா போனும் அடிக்குதுக்கா. மகன் மூஞ்சி வந்து நிக்கி." அவன் பெயர் செல்வின், சாத்தூரில் மெக்கானிக் கடையில் இருக்கிறான், இதுவும் அவள் சொல்லித்தான் தெரியும். அவன் கடையில் ஸ்பானர்கள் கிணுகிணுத்திருக்கும், பிறகு சத்தம் வந்திருக்கும், கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றிருப்பான், இப்போதும் நின்றுகொண்டுதான் இருப்பான். அலை அவன்வரைக்கும் போய்விட்டது, வார்த்தைதான் இன்னும் போகவில்லை. "எடுக்கவாக்கா?" "எடு." "என்னன்னு சொல்ல?" நான் படித்த எதிலும் அது இல்லை. "நீ அங்க நிக்கேன்னு சொல்லு. முதல்ல அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடு. என்னோடத வச்சிட்டு அதை எடு முனீசு." "நீ வச்சிராதக்கா." "வைக்கணும், அவன் நின்னுக்கிட்டு இருப்பான்." அவள் வைக்கவில்லை, மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது, பின்னால் அத்தனை மணியும். பிறகு நானே வைத்துவிட்டேன்.